எம்ஜிபி காரின் துருவும், கடைசியாக ஒட்ட வேண்டிய தகடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை ஆர்வமாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதில் ஒரு வாக்கியத்தைத் திருத்தியே ஆக வேண்டும். எம்ஜி நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில் கதவுக்கு அடியில் ஓடும் சில் பேனல் துருப்பிடித்திருந்தால், அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டு செய்தால் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். அதை நம்பி ஒருவர் கிரைண்டரை எடுத்தால், அந்தக் காரின் கதவு அதன் பிறகு ஒழுங்காக மூடாது. பல நேரங்களில் அதைச் சரிசெய்யவும் முடியாது.

காரணம் காரின் கட்டுமானத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய மாடலான, 1955 முதல் 1962 வரை வந்த எம்ஜிஏ காரில் தனி சேசிஸ், அதாவது எடை தாங்கும் இரும்புச் சட்டகம் உண்டு. பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டு காரும் அப்படித்தான். அந்தக் கார்களில் கதவடித் தகடு போனாலும் எடையைச் சேசிஸ் தாங்கிக்கொள்ளும். 1962-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையிலிருந்து வந்த எம்ஜிபியில் சேசிஸே கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று வெல்டு செய்த பாடியே எடையைச் சுமக்கிறது. அதிலும் ரோட்ஸ்டர் எனப்படும் திறந்த மாடலுக்குக் கூரை இல்லை. முன்னால் எஞ்சின், பின்னால் ஆக்சில். இரண்டையும் இணைத்து நிமிர்த்திப் பிடிப்பவை இருபக்கச் சில் பெட்டிகளும் கியர்பாக்ஸை மூடியபடி தரையின் நடுவில் ஓடும் டனலும்தான். 1965-இல் வந்த ஜிடி மாடலில் கூரை இருப்பதால் கொஞ்சம் மன்னிக்கும். ரோட்ஸ்டர் மன்னிக்காது.

சில் என்பது ஒற்றைத் தகடு அல்ல. வெளியே நம் கண்ணுக்குத் தெரியும் வெளித்தகடு, உள்ளே தரையோடு சேரும் உள்தகடு, இரண்டுக்கும் இடையே செங்குத்தாக நிற்கும் நடுத்தகடு, அடியில் காசில் ரெயில் என்று சொல்லப்படும் மடிப்புத் தகடு ஆகிய நான்கும் சேர்ந்த பெட்டி அது. காசில் ரெயிலில் கோட்டை மதில்போல் இடைவெளி விட்டு மடித்திருப்பது தண்ணீர் வடிவதற்காக. அந்த இடைவெளிகள் சேற்றாலும், காரின் அடியில் பூசும் அண்டர்கோட் பூச்சாலும் அடைபட்டால் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கும். பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு அந்தத் தண்ணீரில் கரைந்து வருகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மின்வேதி அரிப்பையும் வேகப்படுத்தும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு முக்கால்வாசி தின்று முடிக்கப்பட்டிருக்கும். இரு தகடுகள் ஒட்டிய மடிப்புகளில் பாதிப்பு இன்னும் மோசம். துருவின் பருமன் இரும்பின் பருமனைவிடப் பல மடங்கு என்பதால், அது தகடுகளை நெம்பிப் பிரித்துவிடும்.

சேறு நுழையும் பெரிய வாசல் முன் மட்கார்டுக்குள் இருக்கிறது. முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடும் அதன் ஓரத்தில் ரப்பரும் உண்டு. அந்த ரப்பர் காய்ந்து சுருங்கினால் சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்கும் கதவுக் கீல் தூணுக்கும் நடுவில் அடைந்து உட்கார்ந்துகொள்ளும். மட்கார்டின் பின்கீழ் மூலை, சில் பெட்டியின் முன்முனை, கீல் தூணின் அடி மூன்றும் ஒன்றாகப் போவது இதனால்தான். இன்னொரு வழி ஹீட்டர் காற்று உள்ளே வரும் பெட்டியின் வடிகுழாய். காய்ந்த இலை அடைத்துக்கொண்டால் மழைநீர் நிரம்பிக் கால் வைக்கும் தரையில் வழியும். கம்பளத்துக்கு அடியில் தகடு மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகளையும் பார்க்க வேண்டும். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கே இருந்தன. அமிலம் சிந்திய தடம் பெரும்பாலும் இருக்கும்.

சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். மெல்லிய காகிதத்தைச் சுற்றிய காந்தம், துருவை மறைக்கப் பட்டி (நிரப்புப் பசை) போட்ட இடத்தில் ஒட்டாமல் காட்டிக் கொடுக்கும். மழுங்கிய ஸ்குரூடிரைவரால் காசில் ரெயில், ஜாக்கி வைக்கும் இடம், பின்பக்க ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடம் மூன்றையும் அழுத்திக் குத்திப் பாருங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடம் நொறுங்கினால் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பக்கூடாது. அடுத்துக் கதவு. முன்னும் பின்னும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ ஒரே அளவாக, 4 முதல் 5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையிலேயே புதுச் சில் ஒட்டினால் தொய்வு நிரந்தரமாகிவிடும்.

ஆகவே முதல் வேலை வெட்டுவது அல்ல, அளப்பதும் கட்டுவதும்தான். காரைச் சமதளத்தில் அதன் சொந்தச் சக்கரங்களிலோ சஸ்பென்ஷன் எடையைத் தாங்கும் இடங்களில் ஸ்டாண்டு வைத்தோ நிறுத்துங்கள். சில்லுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டு அதே சில்லை வெட்ட முடியாது. கதவு இடைவெளியைக் குறித்துவைத்துக்கொண்டு, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்குச் சதுரக் குழாயால் குறுக்குச் சட்டம் போடுங்கள். கீலின் போல்ட் துளைகளில் மாட்டும்படி செய்து, நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் அமைப்பும் வைத்தால், தொய்ந்த பாடியை அந்த அளவுக்குத் தள்ளிக் கொண்டுவரலாம். வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே அடுத்தது.

பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கிவிடுங்கள். பேட்டரி கேபிள், பிரேக் பைப், பெட்ரோல் பைப் மூன்றும் தரைக்கு அடியில் ஓடுகின்றன. வெல்டிங் செய்யும் இடத்திலிருந்து அவற்றை அகற்ற வேண்டும். பழைய தார் அண்டர்கோட்டைச் சூடுகாட்டிச் சுரண்டி எடுக்காமல் வெல்டு செய்தால் உள்ளே புகைந்து தீப்பிடிக்கும். பக்கத்தில் தீயணைப்பானோடு ஒருவர் நிற்கட்டும். வெல்டிங் நின்ற பிறகும் அரைமணி நேரம் பார்த்திருக்க வேண்டும்.

வெட்டும் வரிசையைத்தான் கட்டுரை முழுவதும் விட்டுவிட்டது. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, அதைக் கழற்றிவிடலாம். பின் மட்கார்டு வெல்டு செய்யப்பட்டது. தொழிற்சாலையில் செய்த சில்லின் வெளித்தகடு முன் மட்கார்டுக்கு அடியிலும் பின் மட்கார்டின் கீழ்முனைக்கு உள்ளேயும் நீண்டு ஓடுகிறது. கதவுக்கு நேராகத் தெரியும் நீளத்தை மட்டும் மாற்றும் அரைத்தகடுகளும், பழைய துருவின் மேலேயே கவிழ்க்கும் உறைத்தகடுகளும் விற்கிறார்கள். வாங்காதீர்கள். உறைத்தகடு எடையைத் தாங்காது. துருவுக்கு இன்னொரு ஈரப்பெட்டியைத்தான் செய்து தரும். வெளித்தகட்டை முழு நீளத்துக்கு எடுக்க, பின் மட்கார்டின் கீழ்மூலையையும் வெட்டியாக வேண்டும். அந்த மூலைக்கென்றே தனிப் பழுதுத் தகடு கிடைக்கிறது.

வெளித்தகட்டை எடுத்தபின் நடுத்தகடும் காசில் ரெயிலும் கண்ணில் படும். தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைத்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல்தகடு மட்டும் அறுபடும்படி துளையிட்டுப் பிரியுங்கள். உளியால் நெம்பினால் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய தகடும் கிழியும். புதுத் தகடுகளைப் பொருத்தும்போது உள்தகடும் காசில் ரெயிலும் முதலில். தரை போயிருந்தால் அடுத்தது தரை. பிறகு நடுத்தகடு. வெளித்தகடு எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்கு முன் கதவை மாட்டி, முன் மட்கார்டை நாலைந்து போல்ட்டில் நிறுத்தி, வெளித்தகட்டைக் கிளாம்பாலும் தகடு ஸ்குரூவாலும் பிடித்துப் பார்க்க வேண்டும். கதவின் அடிக்கும் சில்லுக்கும் உள்ள இடைவெளி, மட்கார்டின் கீழ்முனை உட்காரும் இடம், பின்மூலையின் வளைவு மூன்றும் ஒத்துவரும்வரை வெல்டிங் துப்பாக்கியைத் தொடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் அது கடைசியில் பட்டியாகத்தான் முடியும்.

வெளித்தகட்டுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ.; எடை தாங்கும் உட்பகுதிகளில் ஒட்டுப் போட 18 கேஜ், 1.2 மி.மீ. கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பியும் ஆர்கான் கலவை வாயுவும் மெல்லிய தகட்டுக்குப் பொருந்தும். பழைய ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் புதுத் தகட்டில் 6 மி.மீ. துளையிட்டு, அடியில் உள்ள தகடு உருகும்படி துளையை நிரப்புங்கள். 25 முதல் 30 மி.மீ.க்கு ஒன்று போதும். இணையும் முகங்களில் துத்தநாக வெல்டிங் பிரைமர் பூச வேண்டும். ஆனால் துளைக்குள் மட்டும் அதைச் சுரண்டிவிடுங்கள். விட்டால் வெல்டில் குமிழி விழும், துத்தநாகப் புகை காய்ச்சலையும் கொண்டுவரும். பட்டறைக் கதவு திறந்திருக்கட்டும். கேஸ் வெல்டிங்கை இங்கே தவிர்க்கலாம். பரவும் வெப்பம் மெல்லிய நீளத் தகட்டை அலையலையாக நெளித்துவிடும். பித்தளை ஒட்டு எடை தாங்கும் பகுதிகளில் கூடவே கூடாது.

பின் மட்கார்டின் கீழ்மூலைக்கு, இரு தகடுகளையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வெல்டு செய்வதே என் தேர்வு. ஓரத்தை மடித்து ஒன்றன் மேல் ஒன்று வைக்கும் முறை எளிது. ஆனால் மடிப்புக்குப் பின்னால் ஈரம் தங்கும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, ஒரு முனையில் ஒரு புள்ளி வைத்தால் அடுத்த புள்ளியை மறுமுனைக்குக் கொண்டுபோய், இப்படி இடம் மாற்றி மாற்றி நிரப்புங்கள். ஒவ்வொன்றும் ஆறட்டும். வெல்டு ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும். அந்த இடத்தைச் சுத்தியலாலும் அடிக்கட்டையாலும் தட்டி நீட்டிவிட வேண்டும். மேல் இணைப்புகளில் தொழிற்சாலை நிரப்பிய ஈயம் இருக்கும். அதை உருக்கி எடுக்கும்போதும் அராவும்போதும் முகமூடி கட்டாயம். ஈயத்தை அரத்தால் மட்டுமே தேய்க்க வேண்டும். இயந்திர சாண்டர் நச்சுத்தூளைப் பட்டறை முழுக்கப் பரப்பும்.

பேனல்களைப் பற்றி ஒரு நல்ல செய்தி கட்டுரையில் வரவில்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய ஆலையின் அசல் அச்சுகளைக் காப்பாற்றி, 1988 முதல் முழு எம்ஜிபி பாடியையே புதிதாகச் செய்து தருகிறது. தொண்ணூறுகளில் வந்த எம்ஜி ஆர்வி8 காரே அந்தப் பாடியை அடிப்படையாகக் கொண்டதுதான். அசல் அச்சில் அடித்த மட்கார்டுக்கும், அளவெடுத்துப் போலச் செய்த மலிவு மட்கார்டுக்கும் உள்ள விலை வித்தியாசம், வளைவுகளை ஒத்துவரச் செய்யும் கூலியிலேயே கரைந்துவிடும். இரண்டு சில்லும், தரையும், ஸ்பிரிங் மாட்டும் இடங்களும், கீல் தூண்களும் சேர்ந்து போன காருக்குப் புதுப் பாடி வாங்குவதே நியாயம்.

துரு நீக்க மணல் வீச்சு என்று எழுதியிருந்ததும் ஆபத்தான யோசனை. பானட், கதவு போன்ற அகலத் தகடுகள் அதில் உப்பி நெளிந்துவிடும். அவற்றுக்குப் பெயின்ட் ரிமூவரும் வயர் பிரஷும் போதும். தொடக்ககால எம்ஜிபிகளின் பானட் அலுமினியம் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி திறந்த முகங்களுக்குச் சரி. மடிப்புக்குள் ஊறிப்போனால் கழுவி எடுக்க முடியாது. பின்னர் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

பிரிட்டனில் வசிக்கும் வாசகர்களுக்கு ஒன்று. அங்கே ஆண்டுச் சோதனையில், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் போன்றவை மாட்டும் இடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் எடை தாங்கும் தகடு துருவால் பலவீனமாகியிருந்தால் கார் தேறாது. அங்கே போடும் ஒட்டு இடைவிடாத வெல்டாக இருக்க வேண்டும். முழுப் பேனலாக மாற்றும்போது பழைய ஸ்பாட் வெல்டு இடங்களில் புள்ளி வெல்டு ஏற்கப்படும். ஆனால் 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது கடந்த கார்களுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கடைசி எம்ஜிபி வந்தது 1980-இல். அதாவது இன்று எல்லா எம்ஜிபியும் இந்த வயதைக் கடந்துவிட்டது. அடியில் படுத்துப் பார்க்கச் சட்டப்படி யாரும் வரமாட்டார்கள். கட்டுரையை நம்பி உறைத்தகடு ஒட்டிய காரும் சாலைக்கு வந்துவிடும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. விலக்கு இருந்தாலும் விரும்புபவர் சோதனைக்குக் கொண்டுபோகலாம். வெல்டிங் வேலை முடிந்ததும் அப்படிச் செய்வது நல்லது.

வெளியே இரண்டு கலவை எபாக்ஸி பிரைமர், மடிப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீம் சீலர், பிறகு பெயின்ட். பாலியெஸ்டர் பட்டியை வெறும் தகட்டிலோ எபாக்ஸி மேலோ மெல்லிசாக மட்டும் போடலாம். அது ஈரம் உறிஞ்சும், பிரைமர் இல்லாமல் மழையில் நிறுத்தக்கூடாது. பெயின்ட் காய்ந்தபின் சில் பெட்டிக்குள் நீளக் குழாய் விட்டு துருத் தடுப்புக்கான கேவிட்டி மெழுகை எல்லாத் திசையிலும் தெளிக்க வேண்டும். வெல்டிங்கின்போது உள்பக்க பிரைமர் எரிந்துபோயிருக்கும் என்பதால், உள்ளே அந்த மெழுகு மட்டுமே காவல். மெழுகு சொட்டி நின்றதும் காசில் ரெயிலின் வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். முன் மட்கார்டுக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டுக்குப் புது ரப்பர் மாட்டிய பிறகே மட்கார்டைக் கடைசியாக முறுக்குங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் பாடி வேலையில் உள்ள ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.