கூப்பிட்டார்களாம், நாங்கள் வரவில்லையாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரி செவித்திறன் பிரிவுகளைப் பற்றி சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அங்கே ஏன் இவ்வளவு தாமதம் என்று விளக்கிக்கொண்டே வந்தவர், "பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பல நோயாளிகள் வருவதில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதற்கு மேல் எனக்குக் கட்டுரை ஓடவில்லை.

எங்கே ஐயா போவோம்? அந்தக் கதவுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தோம். காது ஒழுங்காகக் கேட்டால் எங்களுக்கு அங்கே என்ன வேலை? பாதி திறந்த கதவுக்குப் பின்னால், முகக்கவசத்தோடு, குனிந்து சீட்டைப் பார்த்தபடியே ஒருவர் பெயரைச் சொல்வார். யாரும் எழாவிட்டால் சீட்டு அடுக்கின் அடிக்குப் போய்விடும். நானும் அப்படி அடிக்குப் போனவள்தான். எழுந்து போய் விசாரித்தால், "கூப்பிட்டோமே, எங்கே போனீங்க?" என்று எல்லார் முன்னாலும் ஒரு சத்தம். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

சத்தம் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயதாகிக் காது மந்தமாகும்போது முதலில் போவது கீச்சென்ற மேல்சுருதி ஒலிகள்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ச, ஸ, ஃப போன்றவை கரைந்துபோகும், உயிரொலிகள் மிஞ்சும். கத்தினால் மிஞ்சியது பெரிதாகுமே தவிர, போனது திரும்பி வராது. முகம் பார்த்து, உதடு தெரிய, நிதானமாகச் சொன்னால் எங்களில் பலருக்குப் புரிந்துவிடும். இதை அந்தப் பிரிவில் இருப்பவர்களுக்கே நாங்கள் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

பரிசோதனை அறைக்குள் போனாலும் கதை முடிவதில்லை. கண்ணாடி ஜன்னல் வைத்த அறையில் ஹெட்போனை மாட்டி, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை பீப் பீப் என்று போட்டு, கோடு போட்ட ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். அந்தக் கோடு ஏன் வலப்பக்கம் சரிகிறது என்று யாரும் சொல்வதில்லை. "நரம்பு வீக், மெஷின் போட்டுக்குங்க." அவ்வளவுதான். மெஷினை வாங்கிய பிறகு அது நம் காதுக்குப் பொருந்துகிறதா, பாத்திரச் சத்தம் மண்டையைப் பிளக்கிறதா என்று திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? என் மெஷின் பெரும்பாலும் அலமாரியில்தான் தூங்குகிறது.

அப்புறம் தலைசுற்றல். கட்டுரையில் அதற்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள், நன்றி. படுக்கையில் புரண்டாலே அறை முழுக்கச் சுழலும் எனக்கு. ஒருவர் கழுத்து எலும்பு தேய்மானம் என்று காலர் மாட்டினார். இன்னொருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறையுங்கள் என்றார். (டென்ஷன் அதற்குப் பிறகுதான் வந்தது.) கடைசியில் செவித்திறன் நிபுணரான ஒரு ஆடியாலஜிஸ்ட் பெண், என் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று சாய்த்துப் படுக்க வைத்து, கண் துடிப்பதைப் பார்த்தார். உள்காதில் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் மாறி, சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டன என்றார். தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பினார். சுற்றல் நின்றது.

டிக்ஸ், ஹால்பைக் என்ற மருத்துவர்கள், தலையைச் சாய்த்துக் கண்ணைப் பார்க்கும் இந்தப் பரிசோதனையை எழுதியது 1952இல். எப்ளி என்ற மருத்துவர், தலையைத் திருப்பிச் சரிசெய்யும் தன் சிகிச்சை முறையை வெளியிட்டது 1992இல். ஒரு கட்டிலும் விஷயம் தெரிந்த ஒரு ஆளும் போதும், கோடிக்கணக்கில் இயந்திரம் வேண்டாம். ஆனால் தலைசுற்றலோடு வருகிறவரைச் செவித்திறன் பிரிவுக்கு அனுப்பலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. தப்பித்தவறி அனுப்பினாலும், அந்த அறை நீண்ட வராந்தாவின் கடைக்கோடியில் இருக்கும். பிடித்து நடக்க ஒரு கம்பிகூட இருக்காது.

இதையும் எழுதியிருக்கலாம்: திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம், சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு கொடுத்தால்தான் மீள வாய்ப்பு அதிகம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் இந்தப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது மாதங்கள் ஓடியிருந்தன. அவரும் "கூப்பிட்டால் வராதவர்" கணக்கில்தான் சேருவார் போலும்.

2050க்குள் ஏறக்குறைய 250 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைபாடு இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இலேயே சொல்லிவிட்டது. உலக செவித்திறன் நாளான மார்ச் 3 வந்தால் நீங்களும் ஹெட்போன் படம் போட்டு அதை அச்சிடுகிறீர்கள். அத்தனை பேரையும் கதவிடுக்கிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறார்களா?

நான் கேட்பது சின்ன விஷயம். டோக்கன் எண் ஒளிரும் பலகை ஒன்றை வையுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள் என்று ஆஸ்பத்திரிகளுக்கு உங்கள் பத்திரிகை மூலம் இரண்டு வரி எழுதுங்கள். கட்டுரையின் அடியில் "சந்தேகங்களுக்கு அழைக்கவும்" என்று ஒரு தொலைபேசி எண் கொடுத்திருக்கிறீர்கள். முடிந்தால் அடுத்த முறை குறுஞ்செய்தி அனுப்பவும் ஒரு எண் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி