ஜெஃப் சாகக்கூடாது

அன்பு மகனுக்கு,

மூன்றாவது ஸ்பைடர்-வெர்ஸ் அனிமேஷன் படம் 2027க்குத் தள்ளிப்போய்விட்டது என்று தொலைபேசியில் அலுத்துக்கொண்டாய். எனக்கும் அதைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தது. அம்மா மருந்து நேரத்தை நினைவூட்டிக்கொண்டே நின்றதால் பாதியில் வைத்துவிட்டேன். மிச்சத்தை எழுதுகிறேன். மாமனார் இந்த வயதில் சிலந்தி மனிதனுக்காகக் கடிதம் எழுதுகிறார் என்று மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

2002இல் முதல் ஸ்பைடர்மேன் படம் வந்தபோது உன்னைப் பம்பலப்பிட்டிக்கு அழைத்துப்போய்க் காட்டியவன் நான். அதன் பிறகு வந்தவற்றையும் விடாமல் பார்த்திருக்கிறேன்: டோபி மக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், டொம் ஹொலண்ட் என்று மூன்று நடிகர்கள் மாறினார்கள். மாறாத ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர் ஒருவர் சாக வேண்டும். 2002இல் பென் பெரியப்பா. 2012இல் காதலியின் அப்பா, பொலிஸ் கப்டன் ஸ்டேசி. 2021இல் மே பெரியம்மாகூடத் தப்பவில்லை. நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவதற்கென்றே அவர்களை எழுதியிருப்பார்கள். பிள்ளை அழுதுவிட்டு வீரனாகிவிடுவான். பெற்றவன் இடத்திலிருந்து பார்த்தால் இது என்ன நியாயம்?

2018 டிசம்பரில் அதே கதை ஸ்பைடர்-வெர்ஸ் என்று அனிமேஷனாக வந்தபோது முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது கதை அல்ல, அச்சு. கொட்டாஞ்சேனையில் ஓப்செட் இயந்திரத்தோடு வயதைக் கழித்தவனுக்கு வேறென்ன கண்ணில் படும்? தூரத்துக் கட்டடங்கள் மங்கித் தெரிய வேண்டிய இடங்களில் அவர்கள் கமராக்காரரைப் போல மங்கவைக்கவில்லை. நிறங்களை ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராமல் சற்றே விலக்கிவைத்திருக்கிறார்கள். முகங்களின் நிழலில் பழைய காமிக்ஸ் தாளில் இருப்பது போன்ற புள்ளிகள். நீல விளிம்பு ஒருபக்கம், சிவப்பு விளிம்பு மறுபக்கம். இதைத்தான் நாங்கள் ரெஜிஸ்டர் விலகிவிட்டது என்று சொல்லித் தாளைக் கழித்துப்போடுவோம். கொழும்பின் ஈரக்காற்றில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிந்துவிடும். இரண்டாம் நிறம் ஏறும்போது முதல் நிறம் இருந்த இடத்தில் இராது. ஒரு வருடம் முருகன் கலண்டரில் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்து, கட்டுக்கட்டாக எடைக்குப் போனது. முதலாளி என்ன பாடு படுத்தினார் என்று கேட்காதே. அந்தக் குறையை அழகென்று எடுத்துக் கோடிக்கணக்கில் செலவழித்துப் படமாக்கி, 2019இல் ஒஸ்காரும் வாங்கிவிட்டார்கள்!

இன்னொரு நுட்பத்தை நீ கவனித்தாயோ தெரியாது. சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள். புதிதாகச் சக்தி பெற்ற கதாநாயகப் பையன் மைல்ஸை அவர்கள் அநேகமாக 12 நிலைகளில்தான் அசைக்கிறார்கள். ஒவ்வொரு நிலையும் இரண்டு படத்துக்கு நிற்கும். பனிக்காட்டில் அவனோடு பாயும் பழைய ஸ்பைடர்மேன் பீட்டருக்கு முழு 24. அதனால்தான் பையன் தடுமாறுகிறான், மற்றவர் வழுக்கிக்கொண்டு போகிறார். நடிகரை வைத்து எடுத்தால் இது நடக்குமா?

ஆனால் நான் இந்தப் படங்களில் ஒட்டிக்கொண்டது மைல்ஸின் அப்பா ஜெஃபுக்காகவும் அம்மா ரியோவுக்காகவும்தான். ஒருவர் பொலிஸ், மற்றவர் தாதி. வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையை ஏசுகிறார்கள், அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் தெரியாததுபோலப் பார்க்கிறார்கள். முதல் படத்தில் விடுதி அறைக் கதவுக்கு வெளியே ஜெஃப் நின்று பேசும் காட்சி நினைவிருக்கிறதா? உள்ளே மைல்ஸ் நாற்காலியில் கட்டுண்டு கிடக்கிறான், வாயும் ஒட்டப்பட்டிருக்கிறது. மகனுக்குப் பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகிறார். நீ போனை எடுக்காத நாட்களில் நான் அனுப்பும் குரல் செய்திகளை எண்ணிக்கொள்.

அம்மாவுக்குப் பிடித்தது ரியோதான். மைல்ஸ் படிக்க நியூ ஜெர்சிக்குப் போக விரும்புகிறான் என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். புரூக்ளினில் இருந்து அந்தப் பல்கலைக்கழகம், நாங்கள் கண்டிக்குப் போகும் தூரம்கூட இல்லை. கனடாவில் பிள்ளையை வைத்திருப்பவள் சிரிக்காமல் என்ன செய்வாள்?

இரண்டாவது படத்தின் மிகேலிடம்தான் எனக்குக் கோபம். பல உலகங்களின் ஸ்பைடர்மேன்களுக்கெல்லாம் தலைவன் அவன். ஸ்பைடர்மேனுக்கு நெருக்கமான ஒரு பொலிஸ் கப்டன் சாக வேண்டும், அது தலையெழுத்து, தடுத்தால் அந்த உலகமே சிதறிவிடும் என்கிறான். ஜெஃபோ கப்டனாகப் போகிறவர். மும்பாட்டன் என்ற வேற்றுலக நகரத்தில் மைல்ஸ் ஒரு இன்ஸ்பெக்டரைக் காப்பாற்றியதும் நகரத்தின் நடுவே பள்ளம் விழுகிறது, இவன் விரலை நீட்டிக் காட்டுகிறான். பாவம், அவனும் மகளைப் பறிகொடுத்தவன்தான். அவனுடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் பலர் வாழ ஒருவர் சாகலாம் என்ற கணக்கை இந்த நாட்டில் எல்லாப் பக்கத்தாரும் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். கணக்குப் போடுகிறவருடைய வீட்டில் இருந்து அந்த ஒருவர் எப்போதாவது போனதுண்டா? “என் அப்பாவை விடமாட்டேன்” என்று மைல்ஸ் அத்தனை ஸ்பைடர்மேன்களையும் எதிர்த்து ஓடினானே, அந்த ஓட்டத்துக்காக அந்தப் படத்தின் எல்லாக் குறைகளையும் மன்னித்துவிட்டேன். குறை உண்டு. இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்துவிட்டு, முடிவே இல்லாமல் அனுப்புவது வியாபாரம்.

எப்படி முடிப்பார்கள் என்று கேட்டாய். மைல்ஸின் தோழி, இன்னோர் உலகத்து ஸ்பைடர்-வுமன் குவெனின் அப்பா கப்டன் பதவியை விட்டுவிட்டதாக மகளிடம் சொல்கிறாரே, அங்கேதான் வழியை வைத்திருக்கிறார்கள். பதவி இல்லை, ஆகவே சாவும் இல்லை. குவெனுக்கு அது பொருந்தியது. அந்த மனிதர் மகளுக்காகச் சட்டையைக் கழற்றினார். ஜெஃபும் அதேபோல ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துத் தப்பினால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது மிகேலின் சட்டத்துக்குள்ளேயே ஒரு சந்து தேடுவதுதான். ஜெஃப் கப்டன் உடுப்போடேயே வீட்டுக்கு வர வேண்டும், மறுநாளும் வேலைக்குப் போக வேண்டும், மகனை ஏச வேண்டும்.

பேரனுக்கு இப்போதைக்கு முதல் படத்தை மட்டும் காட்டு. இரண்டாவதைக் காட்டிவிட்டால் 2027 வரை உன்னை நித்திரைகொள்ள விடமாட்டான். அந்த வருட விடுமுறைக்கு இங்கே வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், நாலு டிக்கெட் எடுத்துவைக்கிறேன். தனக்கு வேண்டாம் என்று அம்மா சொல்வாள். அவளுக்குமாகச் சேர்த்து ஐந்தாக எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா
வெள்ளவத்தை, கொழும்பு