ஏர்பிரஷ் பழகுவோருக்கு டெல்டாவின் ஈரக்காற்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் மாணவர்கள் பழகத்தக்க கைவேலைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், மாதிரிக் கார்களுக்கு ஏர்பிரஷ் (காற்றின் விசையால் பெயிண்டை நுண்துளிகளாகத் தெளிக்கும் சிறு கைக்கருவி) கொண்டு வண்ணம் பூசும் வேலைக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது கண்டு மகிழ்ந்தேன். ஆனால் நல்ல ஏர்பிரஷும் அதற்கு அழுத்தக் காற்று தரும் ஒரு கம்ப்ரசரும் வாங்கிவிட்டால் எஞ்சியது தானாகக் கைவந்துவிடும் என்று அந்தப் பத்தி முடிந்திருந்ததை என்னால் ஏற்க இயலவில்லை. கும்பகோணத்தில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்து வருபவன், தெருப்பிள்ளைகள் சிலருக்குக் கற்றுக்கொடுத்தும் வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: காவிரி டெல்டாவில் ஏர்பிரஷ் பழகுகிறவர் முதலில் அறிய வேண்டியது கருவியை அன்று, காற்றில் உள்ள ஈரத்தை.

வேலையின் அளவைச் சொன்னால்தான் இது விளங்கும். ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடர் கார், 1:24 அளவு மாதிரியில் 18 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. உண்மைக் காரின் மேல் உள்ள பெயிண்ட் எல்லாப் பூச்சும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அதே கனத்தை மாதிரியின் மேல் ஏற்றினால், உண்மைக் காரில் 2.4 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசியதற்குச் சமமாகிவிடும். கதவைச் சுற்றியுள்ள கோடு தூர்ந்துபோகும், பானெட்டின் விளிம்பு மழுங்கிவிடும். அதனால்தான் கார்ப் பட்டறையில் 1.3, 1.4 மில்லிமீட்டர் துளையுள்ள ஸ்பிரே கன் செய்யும் வேலையை இங்கே 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை துளையுள்ள ஏர்பிரஷ், 15 முதல் 25 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் செய்கிறது. மினுமினுப்புப் பெயிண்டிலும் இதே கணக்குதான். காருக்கென்று விற்கும் பெயிண்டின் வெள்ளித் துகள்கள் மாதிரியின் மேல் தனித்தனியாகக் கண்ணில் படும் என்பதால், ஜப்பானின் டமியா போன்ற நிறுவனங்கள் மாதிரிகளுக்கென்றே நுண்துகள் கொண்ட பெயிண்டைத் தயாரிக்கின்றன. இவ்வளவு மெல்லிய படலத்தில் ஒரு பழுது விழுந்தால் அதைத் தேய்த்து எடுப்பதற்குக் கூட இடம் இருப்பதில்லை.

நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் என்ன நடக்கும் என்பது இங்குள்ள சிறுவர்களுக்கும் தெரியும். காற்றின் ஈரம் பெயிண்டை என்ன செய்யும் என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. லாக்கர் வகைப் பெயிண்டில் உள்ள தின்னர் மிக விரைவாக ஆவியாகக்கூடியது. அது ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால், பெயிண்ட் படிந்த இடம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் அந்தக் குளிர்ச்சியே போதும். காற்றிலுள்ள நீர் நுண்திவலைகளாகப் படலத்தின் மேல் இறங்கி உள்ளே சிக்கிக்கொள்ள, சற்றுமுன் கண்ணாடியாக மின்னிய கருப்புக் கூரையின் மேல் வெண்மை படர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளப்பு போய்விடுகிறது. பெயிண்ட் மோசம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்தினால் இது பெரும்பாலும் நேராது. நேர்ந்த பின்னும், மழை விட்ட நேரம் பார்த்து அதே தின்னரை மட்டும் மிக மெல்லிதாக மேலே தெளித்தால், படலம் இளகி ஈரம் வெளியேறி நிறம் திரும்புவதுண்டு.

ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது அடிக்கச் சொல்லும் வெளிநாட்டு வழிகாட்டிகளை நம்பி இங்கே உட்கார்ந்திருந்தால் மழைக்காலம் முழுதும் கைகட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதிகாலையில் உச்சத்தில் இருக்கும் ஈரப்பதம் வெயில் ஏற ஏறக் குறைந்து பிற்பகலில்தான் தாழ்கிறது. ஆகவே பளபளப்புப் பூச்சை நடுப்பகலுக்குப் பிந்தைய வெயில் நேரத்துக்கு வைத்துக்கொண்டு, மழை நாள்களில் இருக்கை, டாஷ்போர்டு, அடிச்சட்டம் போன்ற மங்கல் நிறப் பாகங்களைச் செய்து முடிப்பதே இந்த ஊருக்கு ஏற்ற ஒழுங்கு என்று நான் கருதுகிறேன்.

வெளிக்காற்றின் ஈரத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது; குழாய் வழியே வரும்போது ஆறுகிறது; ஆறும்போது தான் சுமந்து வந்த ஈரத்தை நீராக விட்டுவிடுகிறது. அந்த நீர் ஏர்பிரஷின் முனைவரை வந்து, ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் பூச்சின் நடுவே ஒரு சொட்டாகத் தெறிக்கும். தொட்டியில்லாத சிறிய கம்ப்ரசர் நிற்காமல் ஓடிச் சூடேறுவதால் அதில் இந்தத் தொல்லை அதிகம். விலை சற்றுக் கூடினாலும் காற்றுத் தொட்டியும் ஈரம் பிடிக்கும் குமிழும் உள்ளதை வாங்குவதே நல்லது. வாங்கினால் மட்டும் போதாது, வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி நீரை வடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மாலை வேலைக்குப் பின் அந்தத் திருகைத் திறந்து, துருநிறத்தில் சீறிக்கொண்டு வரும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்துக் காட்டினால், நான் வாயால் சொல்லும் விளக்கம் எதற்கும் அதன் பிறகு தேவை இருப்பதில்லை.

கோடையில் நிலைமை தலைகீழாகிறது. கத்திரி வெயிலில் அக்ரிலிக் பெயிண்ட் ஊசியின் நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஊசிமுனையில் ஒரு சிறு கட்டி உட்கார்ந்திருக்கும். தின்னரில் நனைத்த பஞ்சால் அதை அவ்வப்போது துடைத்துக்கொண்டும், பெயிண்டில் சில சொட்டு ரிடார்டர் சேர்த்துக்கொண்டும் வேலையைத் தொடரலாம். தை, மாசி மாதங்கள் ஓரளவு இணக்கமானவை. ஆனால் அப்போது சம்பா அறுவடை நடப்பதால், சாலையில் காயும் வைக்கோலின் தூசு பக்கத்துத் தெருவரை வந்து ஈரப் பெயிண்டின் மேல் உட்காரும்.

இந்தத் தூசுக்கு என்ன செய்வது என்று கேட்டால், நம் ஊர் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைக்காரர் எவரும் உடனே பதில் சொல்வார்: தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிப்பார்கள். கட்டுரையில் ஒரு சொல்லாவது இவர்களைப் பற்றி இருந்திருக்க வேண்டும் என்பது என் குறை. இணையக் காணொளிகளில் பிள்ளைகள் தேடுவதில் முக்கால் பங்கைப் பட்டறை வாசலில் நின்றே கற்றுக்கொள்ளலாம். பட்டி போட்டு, 800, 1000, 1500 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து ஏறுவது. கை நகரத் தொடங்கிய பிறகு பெயிண்டைத் திறந்து, விளிம்பைத் தாண்டிய பிறகே மூடுவது. முதல் பூச்சு பட்டும் படாமலும், கடைசிப் பூச்சு மட்டும் ஈரமாக அடிப்பது. எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பெயிண்ட் ஒதுங்கும் என்று துடைத்துத் துடைத்துப் பார்ப்பது: இவை அனைத்தும் மாதிரிக் காருக்கும் அப்படியே பொருந்தும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு வேலைக்கு உட்காரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசியாகச் சொன்னது மிகவும் பொருந்தும். பிளாஸ்டிக் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்காமல் பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடிக்கக் கூடாது.

ஒன்றில் மட்டும் பட்டறையைப் பின்பற்றக் கூடாது. ஹார்டுவேர் கடையில் எளிதாகக் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், தகட்டுக்கு ஏற்றதே தவிர, மாதிரிகள் செய்யப்படும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு ஏற்றதன்று; அது பிளாஸ்டிக்கையே கரைத்துப் பரப்பை வெடிப்பு வெடிப்பாக ஆக்கிவிடும். எந்தத் தின்னரையும் பாகங்கள் கோத்துவரும் பிளாஸ்டிக் சட்டத்தின் ஒரு துண்டில் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. டமியாவின் அக்ரிலிக் பெயிண்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கலக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளில் அது கிடைக்கிறது. கலவையின் பதம் காய்ச்சாத பாலைப் போல இருக்க வேண்டும்: கிண்ணத்தைச் சாய்த்தால் பெயிண்ட் விளிம்பில் ஏறி, நிறத்தின் சாயலை மட்டும் விட்டுவிட்டுச் சீராக இறங்க வேண்டும். திட்டுத் திட்டாக நின்றால் கெட்டி. நிறமே ஒட்டாமல் இறங்கினால் நீர்த்துவிட்டது.

கைப்பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரலை அழுத்தினால் காற்று, பின்னே இழுத்தால் பெயிண்ட் என்ற இரட்டை விசை ஏர்பிரஷில், காற்றைத் திறந்த பின்பே பெயிண்டைத் திறக்க வேண்டும். பெயிண்டை மூடிய பின்பே காற்றை மூட வேண்டும். இந்த வரிசை மாறினால், அடுத்த முறை விசையைத் தொட்டதும் நுனியில் தேங்கிய பெயிண்ட் கொப்பளித்துத் தெறிக்கும். தங்கள் நாளிதழின் பழைய தாள்களில் புள்ளியும் கோடும் போட்டுத்தான் நான் இதைப் பழக்குகிறேன்; வெளிப்பக்கம் வளைந்த பிளாஸ்டிக் கரண்டிகள் அடுத்த பாடம், ஏனெனில் அந்த வளைவும் பானெட்டின் வளைவும் ஒன்றே. பெயிண்ட் வழிகிறதா, ஆரஞ்சுத் தோலாகச் சொரசொரக்கிறதா என்பதைக் கரண்டி உடனே காட்டிவிடும். அதன் பிறகும் விலை உயர்ந்த இறக்குமதிப் பெட்டிக்குத் தாவ வேண்டாம். சென்டி நிறுவனத்தின் அம்பாசடர் பொம்மை நம் கடைகளிலேயே கிடைக்கிறது.

கட்டுரை தொடாமல் விட்டது, தொட்டே ஆக வேண்டியது, மூச்சு. பெயிண்ட் புகைக்குத் துணி முகக்கவசமும் கைக்குட்டையும் எவ்விதக் காப்பும் அல்ல. கரிமக் கரைப்பான் ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசம் வேண்டும். நிறத்தின் மேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சே கிளியர் கோட்; அதில் ஹார்டனர் என்னும் இறுகுபொருள் கலந்து அடிக்கும் டூ-கே வகையில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உள்ளது. அது தொழில்வழி ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. மாணவர்கள் அதன் பக்கமே போகாதிருப்பது நலம். நாள் முழுதும் அதையே அடிக்கும் பட்டறைத் தொழிலாளர்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கையில், இந்த அறிவுரை முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்றும் தோன்றுகிறது. முற்றம் வைத்த பழைய வீடுகளில் காற்றோட்டம் உண்டு. ஆனால் விளக்கு எரியும் கூடமும் அடுப்பெரியும் சமையலறையும் அந்த முற்றத்தை ஒட்டியே இருக்கின்றன. தின்னரின் ஆவி தீப்பற்றக்கூடியது.

ஆகவே பெரும்பாலான வீடுகள் இந்த வேலைக்கு உகந்த இடமல்ல என்பதை ஒப்புக்கொண்டு, டெல்டா மாவட்டங்களில் மோட்டார் வாகனப் பயிற்சி நடக்கும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள், விடுமுறை நாள்களில் ஒரு மேசையையும், புகையை வெளியேற்றும் விசிறி பொருத்திய ஒரு தடுப்பையும், ஒரு கம்ப்ரசரையும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட முடியுமா என்று அரசு எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர்ப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை மதிப்பூதியம் கொடுத்து அங்கே உட்காரவைத்தால், பிள்ளைகளுக்கு ஆசிரியரும் கிடைப்பார். ஒரு வீட்டுக்கு ஒரு கம்ப்ரசர் வாங்கும் செலவும் பெற்றோருக்கு மிஞ்சும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் ஈரப்பதத்தைப் பதிவு செய்கிறது. தங்கள் திருச்சி, தஞ்சைப் பதிப்புகளின் வானிலைக் கட்டத்தில் வெப்பநிலையும் மழையளவும் மட்டுமே இடம்பெறுகின்றன. நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் உரிய மாலை நேர ஈரப்பதத்தையும் அதே கட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்து வெளியிட்டால், களத்தில் நெல் காயவைப்போருக்கும் அது உதவும். மறுநாள் பிற்பகலில் கிளியர் கோட் அடிக்கலாமா, தள்ளிப்போடலாமா என்று நாங்களும் முந்தைய நாள் எண்ணைப் பார்த்தே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்