என் மகளின் கதையை அவள் எழுதியபடியே அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி ஆண்டு மலர்க் குழுவினருக்கு,

வணக்கம். கோபுரத்தில் அடைபட்ட பெண்ணின் நீண்ட பின்னலைப் பிடித்து இளவரசன் ஏறிவரும் பழைய ராபன்சல் கதையை, எட்டாம் வகுப்பு மாணவி தன் போக்கில் மாற்றி எழுதியதை எதற்காகத் திருப்பி அனுப்பினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அவளுடைய அம்மா. அதை அவள் எழுதியபடியே அச்சிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

நான்கு பக்கக் கதை. கோபுரத்தில் அடைபட்ட பெண் ஒரு காலையில் தன் பாவாடையில் இரத்தக் கறையைப் பார்த்து மிரண்டு அழுகிறாள். பிறகு அதைத் துவைத்துக் காயப்போடும்போது, கொடிக்கயிற்றைப் பார்த்ததும் யோசனை வருகிறது. தன் பின்னலைத் தானே அறுத்து, சன்னல் கொக்கியில் கட்டி இறங்கிப் போய்விடுகிறாள். இளவரசன் வந்து சேரும்போது கோபுரம் காலியாக இருக்கிறது.

அந்தத் தாள்கள் என் மேசையில் இருக்கின்றன. 'மாதவிடாய்' என்று வரும் மூன்று இடங்களிலும் சிவப்பு மை. மூன்றாவது இடத்தில் பேனா அழுந்தித் தாளே கிழிந்திருக்கிறது. ஓரத்தில், "பொருத்தமற்றது. இளவரசன் காப்பாற்றுவதாக மாற்றி எழுதவும்." அன்று அவளுக்கு இரண்டாம் நாள். வெந்நீர்ப் பையை வயிற்றில் அணைத்துச் சுருண்டு படுத்திருந்தவள், "நான் அசிங்கமாக எழுதிவிட்டேனா அம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அதே சொல் அவளுடைய அறிவியல் பாடநூலில், 'வளரிளம் பருவமடைதல்' என்ற பாடத்தில் இருக்கிறது. தேர்வில் எழுதினால் மதிப்பெண் தருகிறீர்கள்.

நீங்கள் காக்க நினைக்கும் பழைய கதையையும் சற்றுப் பாருங்கள். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் ராபன்சலைச் சூனியக்காரி கோபுரத்தில் அடைக்கும்போது அவளுக்கு வயது 12. ஏன் 12 என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1812இல் வந்த முதல் பதிப்பில், உடைகள் இறுக்கமாகிவிட்டன என்று அவள் வெகுளியாகச் சொல்வதில்தான் அவள் கருவுற்றிருப்பது வெளிப்படும். பிள்ளைகளுக்கு ஆகாது என்று பிந்தைய பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். கோபுரத்தை யாரும் எடுக்கவில்லை.

நம் ஊர்களில் அது ஓலைக் குடிசை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பருவமடைந்ததற்காகப் பட்டுக்கோட்டை அருகே தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னை மரம் விழுந்து உயிரிழந்தாள். ஏறக்குறைய என் மகளின் வயது. அதை நினைக்காமல் இந்தக் கதையை என்னால் படிக்க முடியவில்லை. மஞ்சள் நீராட்டு என்றால் பெயரும் படமும் போட்டுத் தெருமுனையில் பிளெக்ஸ் வைக்கிறோம். அப்போது எவருக்கும் கூச்சம் வருவதில்லை. அந்தப் பெண்ணே தன் உடம்பைப் பற்றி நான்கு வரி எழுதினால் மட்டும் ஏன் கூசுகிறது?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலர் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருப்பதாகச் சொன்னீர்கள். இடம் போதாவிட்டால் அவள் வரைந்த படத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லையும் முடிவையும் தயவுசெய்து மாற்றாமல், அவள் எழுதியபடியே, அவள் பெயரோடு அச்சிடுங்கள். கிழிந்த தாளுக்குப் பதிலாக நேற்றிரவு அவளே திரும்ப எழுதித் தந்த படியை இணைத்திருக்கிறேன். ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றவில்லை.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்