ஷூரென்பெர்க்கைக் கேட்டுப் பழகு

அன்புள்ள கயலுக்கு,

பெர்லினில் டப்பிங் பயிற்சி தொடங்கும் முன் ஸீக்ஃப்ரீட் ஷூரென்பெர்க்கை நன்றாகக் கேட்டுவிடு மா. 1900இல் டெட்மோல்டில் பிறந்து 1993இல் பெர்லினில் மறைந்த ஜெர்மன் குணச்சித்திர நடிகர், டப்பிங் குரலும்கூட. ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் எட்கர் வாலஸின் கதைகளை வைத்து 1960களில் வந்த ஜெர்மன் படங்களில், லண்டன் காவல்துறையான ஸ்காட்லாந்து யார்டின் தலைவர் சர் ஜானாக வருவார். அசட்டு வசனத்தைக்கூட கண்ணியம் குறையாமல் பேசுவார். சிரிப்பே அதனால்தான் வருகிறது.

ஜெர்மன் டப்பிங்கில் அதே குரல்தான் ஹாலிவுட் நடிகர் கிளார்க் கேபிளுக்கும். ‘கான் வித் த விண்ட்’ மேற்கு ஜெர்மனியில் 1953இல்தான் திரைக்கு வந்தது. அதில் கேபிள் நடித்த ரெட் பட்லருக்குப் பேசியவர் இவர். கேபிளைப் போல மிமிக்ரி செய்யவில்லை. தன் குரலிலேயே நின்று, அவருடைய மூச்சையும் நிதானத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார். நீ கற்க வேண்டியது அதுதான்.

அந்தக் காலத்தில் படச்சுருளைத் துண்டுகளாக வெட்டி, முனைகளை ஒட்டி, வளையமாக ஓடவிடுவார்கள். சில நொடிக் காட்சி திரும்பத் திரும்ப வரும். இன்று கணினி, ஆனால் டேக் இப்போதும் சில நொடிதான்.

ப, ம ஒலிகளில் உதடு மூடும். குளோசப்பில் அது பொருந்தாவிட்டால் உடனே தெரியும். தூரத்து ஷாட்டில் கவலைப்படாதே. உதடு அசைந்த பிறகு தொடங்கினால் தாமதம். நடிகர் மூச்சு இழுக்கும்போதே நீயும் இழு, தொடக்கம் தானாகச் சேரும்.

இதைவிடக் கடினம் வாக்கிய முடிவு. ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும், அதோடு நடிகரின் புருவமும் உயரும். ஜெர்மன் துணைவாக்கியத்திலோ நம் தமிழ் மாதிரி வினை கடைசியில். அதனால் வசனம் எழுதுபவர் முக்கியமான சொல்லைப் புருவம் உயரும் இடத்துக்கு நகர்த்தப் பார்ப்பார். தாளில் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள். இல்லாவிட்டால் அழுத்தம் வேறெங்கோ விழும். நேரம் போதாதென்று ஓடினால் கடைசி அசைகள்தான் விழுங்கப்படும், பொருளும் அங்கேதான் இருக்கும். முதல் பாதியில் வேகம் கூட்டு. அப்படியும் அடங்காவிட்டால் ஒரு சொல்லைக் குறைக்கும்படி டப்பிங் இயக்குநரிடம் தயங்காமல் கேள்.

டிஸ்னியின் கார்ட்டூன் படம் ‘ஜங்கிள் புக்’கின் 1968 ஜெர்மன் டப்பிங்கில் ஷேர்கான் புலியும் இவர்தான். மரியாதையான பேச்சிலேயே பயம் காட்டுவார். முதலில் படத்தை மறைத்துவிட்டுக் கேள். அடுத்து ஒலியை நிறுத்தி வாயை மட்டும் பார். அதன் பிறகு நீ பேசிப் பதிவு செய். தொண்டை கரகரத்தால் அன்றைக்கு விட்டுவிடு மா. கிசுகிசுப்பாகவும் பேசாதே, அதுவும் குரல்நாணை வருத்தும்.

அன்புடன்,
அம்மா