2023–24 ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் பிறகு மின்னஞ்சலில் படிக்கப்போகிற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வாழும் தமிழர்கள் சிலர் சேர்ந்து, ஒயினை நிதானமாகச் சுவைத்து, சுவைத்ததை எழுதி, எழுதியதைப் பேசிப் பழகுவதற்காகத் தொடங்கிய வட்டம் நம்முடையது. விதிமுறையின் முதல் வரியிலேயே ‘சுவைத்து எழுதுதல்’ என்று இருக்கிறது. ‘விருந்து’ என்ற சொல் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. இதை இப்போதே நினைவுபடுத்தி வைக்கிறேன்.

ஜூலை முதல் ஜூன் வரை, கோடை விடுமுறை நீங்கலாக, மாதக் கூட்டங்கள் நடந்தன. பொங்கல் விருந்து சிறப்பாக நடந்தது. அதற்கு மட்டும் எல்லோரும் வந்தார்கள். மூத்த உறுப்பினர் ஒருவரின் தாயார் ஊரில் காலமானார். வட்டத்தின் சார்பில் அனுதாபம் தெரிவித்தோம். கூடத்தின் வாடகை உயர்ந்திருக்கிறது.

அக்டோபரில், திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன பரோசா பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் பயணம் போனோம். 1843இல் நட்ட ஷிராஸ் (சிவப்பு ஒயினுக்கான திராட்சை வகை) கொடிகள் இன்னும் காய்க்கும் தோட்டம் அங்கே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்றுவரை நுழையவில்லை. அதனால்தான் இவ்வளவு வயதான கொடிகள் வேறு வேரில் ஒட்டுப்போடாமல் சொந்த வேரில் நிற்கின்றன. அந்தப் பூச்சி மனிதர்களின் செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டும் பரவும். இதைப் பேருந்திலேயே ஒலிபெருக்கியில் விளக்கிச் சொன்ன பிறகும், வேலியைத் தாண்டி உள்ளே போய்க் கொடியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் உண்டு. பெயர் சொல்லவில்லை. படங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன.

இனி ஆகஸ்ட் மாதக் கூட்டம். இதைப் பற்றிக் குழுவில் நிறையப் பேசியாகிவிட்டது. என் தரப்பும் அறிக்கையில் பதிவாக வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பொறுப்புக்கு வந்ததும் இரண்டு நடைமுறைகளைக் கொண்டுவந்தேன். ஒன்று, பாட்டிலைக் காகிதப் பையில் மூடி வைத்துத்தான் ஊற்றுவது. இரண்டு, எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அதற்கு முன் என்ன நடந்தது என்று பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். பாட்டிலை மேசையில் வைத்ததும் முதலில் விலை பேசப்படும். அப்புறம் யாராவது ஒருவர் “அட, சாக்லேட் வாசம்” என்பார். உடனே மேசை முழுக்கச் சாக்லேட் மணக்கத் தொடங்கும். விலை உயர்ந்த பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் என்று லேபிளில் பார்த்துவிட்டு “சுமார்தான்” என்று எழுதும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

மூடிய பாட்டில் என் கண்டுபிடிப்பு அல்ல. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னியா ஒயின்களையும் லேபிள் தெரியாமல் பிரெஞ்சு நடுவர்களுக்குக் கொடுத்தார். வெள்ளையில் ஷாட்டோ மாண்டலீனாவின் 1973 ஷார்டனேயும், சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லார்ஸின் 1973 கேபர்னே சோவின்யோனும் முதலிடம் பெற்றன. இரண்டுமே கலிஃபோர்னியா. முடிவைக் கேட்டதும் ஒரு நடுவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டாராம். நம் ஆகஸ்ட் கூட்டத்திலும் தாளைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த வகையில் நாம் பாரிஸுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

சரி, அன்று நடந்தது இதுதான். ஆறு ஒயின்கள். ஐந்தாவது கிண்ணத்தில் இருந்தது பரோசா செமியான், அதாவது வெள்ளை ஒயின். அதில் மணமும் சுவையும் இல்லாத சிவப்பு உணவுச் சாயம் கலந்திருந்தேன். குளிர்ச்சி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மற்ற சிவப்பு ஒயின்களைப் போலவே 17 டிகிரியில் வைத்திருந்தேன். வந்த குறிப்புகள் என் கோப்பில் இருக்கின்றன: “நாவல்பழம்”, “கறுப்புச் செர்ரி, லேசான புகையிலை”, “நல்ல கனம், இன்னும் ஐந்து வருடம் வைக்கலாம்”. கடைசிக் குறிப்பை எழுதியவர் வட்டத்தில் முக்கியமானவர் என்பதால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இது அவமானப்படுத்தும் வேலை என்றார்கள். இல்லை. 2001இல் வெளியான போர்தோ ஆய்வில், அங்கே ஒயின் இயல் படிக்கும் 54 மாணவர்களுக்கு இதே மாதிரி சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைத்தான் கொடுத்தார்கள். முந்தைய அமர்வில் அதே ஒயினை வெள்ளையாகவே கொடுத்தபோது வெள்ளைக்குரிய மணங்களை எழுதியவர்கள், சாயம் ஏறியதும் சிவப்புக்குரிய மணங்களை எழுதினார்கள். ஒயினே படிப்பாகப் படிக்கிறவர்களுக்கு அப்படியென்றால், ஐடி வேலையும் மருத்துவமனை ஷிஃப்ட்டும் முடித்துவிட்டு வரும் நமக்கு என்ன வெட்கம்? கண் முந்திக்கொள்கிறது, மூக்கு பின்னால் போய் ஆமோதிக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கூட்டமே.

ஆனால் ஒன்று. மூக்கு ஏமாறலாம், வாய் அவ்வளவு சுலபமாக ஏமாறாது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து நொதிப்பதால் டானின் இறங்குகிறது. ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் பிடிக்கும் துவர்ப்பு அதிலிருந்து வருவது. வெள்ளைக்குப் பெரும்பாலும் சாற்றை மட்டும் பிழிந்து எடுத்து நொதிக்க விடுகிறார்கள். அன்று துவர்ப்பு எங்கே என்று கேட்டவர் ஒரே ஒருவர். கொழும்பில் தேயிலைச் சுவைஞராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் ஐயா. கரண்டியில் எடுத்து உர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சி, துப்பிவிட்டு எழுதினார்: “துவர்ப்பு பிடிக்கவில்லை. நிறத்தை நான் நம்ப மாட்டேன்.” அவர் உறிஞ்சும் சத்தத்துக்கு முகம் சுளித்தவர்கள் இனியாவது அதைக் கற்றுக்கொள்ளலாம். காற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும்.

குறிப்பு எழுதுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அச்சடித்துக் கொடுத்த நோட்டில் நிறம், மணம், வாயில் எப்படி, விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தனித்தனியாக இடம் விட்டிருக்கிறேன். பெரும்பாலான நோட்டுகளில் எல்லா இடத்திலும் “நல்லா இருக்கு”. இன்னும் யோசித்தவர்கள் “பரவாயில்லை”. செர்ரி, பிளாக்பெர்ரி என்று இணையத்தில் பார்த்து எழுத வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சிறு வயதில் பிளாக்பெர்ரியைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் யார்?

செப்டம்பரில் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைச் சுவைத்தபோது, பத்து வருடம் பழகிய ஒரு பாட்டிலுக்கு ஓர் அக்கா “ரேஷன் கடை வரிசை” என்று எழுதினார். சிரித்தார்கள். அது மண்ணெண்ணெய் வாசம். பழகிய ரீஸ்லிங்கில் டிடிஎன் என்ற சேர்மத்தால் வருவது. வெயில் அதிகம் பட்ட திராட்சையில் கூடுதலாக இருக்கும். உலகம் முழுக்க அந்த ஒயினுக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள். என் கணிப்பில் இந்த ஆண்டின் சிறந்த குறிப்பு அதுதான். அதே அக்கா வேறொரு சிவப்பு ஒயினுக்கு “மழை பெய்த மாட்டுத்தொழுவம்” என்றார். அதுவும் சரி. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் புகுந்தால் அந்த வாசம் வரும். கொஞ்சமாக இருந்தால் சிலர் ரசிப்பார்கள், கூடினால் குறைதான்.

மிளகு விவகாரத்தையும் முடித்துவிடுகிறேன். அடிலெய்ட் ஹில்ஸ் ஷிராஸ் ஒன்றில் மிளகு தூக்கலாக இருந்தது. ரசம் மாதிரி என்று எல்லோரும் எழுத, தலைவர் மட்டும் மிளகே இல்லை, நாங்கள் பேசிவைத்துக்கொண்டு எழுதினோம் என்று கோபித்துக்கொண்டார். யாரும் பேசிவைக்கவில்லை. ஷிராஸில் மிளகு வாசம் தருவது ரோட்டன்டோன் என்ற சேர்மம். நிஜ மிளகிலும் இருப்பது அதே பொருள்தான். 2008இல் அதைக் கண்டறிந்து வெளியிட்டது நம் ஊரிலேயே இருக்கிற ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மிக அதிகமாக இருந்தாலும் தெரியாது. தலைவர் அந்த ஐந்தில் ஒருவர். இதை அவரிடம் அன்றே சொன்னேன். இன்று அவை முன் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை.

வருகை என்றதும் அடுத்தது. சுவைத்தல் மாலை 6 மணிக்கு என்று ஒவ்வொரு அழைப்பிலும் எழுதுகிறேன். 8 மணிக்குப் பிரியாணி திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்கிறவர்களின் நேர உணர்வை என்ன சொல்வது! வரும்போதே அத்தர் மணக்க வருகிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அதற்குப் பிறகு எந்த ஒயினும் அத்தர்தான். சாப்பாட்டுப் பாத்திரங்களைச் சுவைத்து முடியும்வரை காரிலேயே வைக்கச் சொன்னதற்கு மகளிர் அணியில் வருத்தம் என்று கேள்விப்பட்டேன். மீன்குழம்பு மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. காரத்தோடு டானின் சேர்ந்தால் வாய் இன்னும் எரியும். கொஞ்சம் இனிப்பு மிஞ்சிய ரீஸ்லிங்தான் அதற்குப் பொருந்தும். அதைத் தனிக் கூட்டமாகவே வைக்கலாம் என்று குழுவில் கேட்டேன். பதில் இல்லை, கட்டைவிரல் படம் மட்டும் இரண்டு வந்தது.

துப்புவதற்கு வைத்த குவளைகள் பெரும்பாலும் காய்ந்தே திரும்புகின்றன. காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்கிறார்கள். கணக்கு இதோ: ஆறு ஒயின், ஒவ்வொன்றும் 50 மில்லி, 13 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 30 கிராம் ஆல்கஹால். இந்நாட்டுக் கணக்கில் மூன்று ஸ்டாண்டர்ட் டிரிங்க். ஓட்டுநருக்கு ரத்தத்தில் 0.05 எட்டினாலே சட்டப்படி குற்றம். காரில் வருகிறவர்கள் துப்பித்தான் ஆக வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

வரவு செலவு: வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக வந்தன. கடந்த ஆண்டின் கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது. விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன. தணிக்கை முடிந்ததும் பார்வைக்கு வைக்கப்படும். கிண்ணங்கள் வாங்கிய செலவு அதிகம் என்று பேச்சு இருக்கிறது. வாங்கியது சாதாரணச் சுவைக் கிண்ணங்கள்தான், 215 மில்லி, வாய் குறுகி மணத்தைப் பிடித்து வைப்பவை. பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி மணம் தேடுவதற்குப் பதில் கூட்டத்தையே நிறுத்திவிடலாம்.

சந்தா கட்டியவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆகஸ்ட் கூட்டத்தால் மனம் நொந்துதான் பலர் கட்டவில்லை என்று ஒரு விளக்கம் சுற்றி வருகிறது. சந்தாவுக்குக் கடைசித் தேதி ஜூலை 31. ஆகஸ்டில் நடக்கப்போவதற்கு ஜூலையிலேயே மனம் நொந்தவர்களுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஓராண்டுச் சந்தா நல்ல பரோசா ஷிராஸ் இரண்டு பாட்டிலின் விலைகூட ஆகாது. அப்படி விலை உயர்ந்த பாட்டிலைக் கொண்டுவந்து, பையில் மூட மாட்டேன் என்று அடம்பிடித்தவர் ஒருவர். திறந்தால் உள்ளே ஈர அட்டைப்பெட்டி நாற்றம். கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை. பழைய ஒயின் அப்படித்தான் இருக்கும் என்று கடைசிவரை வாதிட்டார். இந்தத் தொல்லைக்குத்தான் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000ஆம் ஆண்டு அறுவடையிலேயே சேர்ந்து திருகுமூடிக்கு மாறினார்கள். அவருடைய சந்தாவும் பாக்கி.

நன்றி: கூடம் தந்த நிர்வாகத்துக்கும், பேருந்து ஏற்பாடு செய்தவருக்கும், கிண்ணங்களைக் கழுவித் துடைத்த இளைஞர்களுக்கும், கணக்கு எழுதிய பொருளாளருக்கும், பிரியாணி தந்த குடும்பங்களுக்கும், என் வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு மூன்று கூட்டங்களின் திட்டம் கையில் இருக்கிறது: கூனவாரா கேபர்னே, ஹண்டர் பள்ளத்தாக்குப் பழைய செமியான், மீன்குழம்பும் ரீஸ்லிங்கும். இவற்றை நடத்த ஆள் வேண்டும். செயலாளர் பொறுப்பை நானே பிடித்துக்கொண்டிருப்பதாக யாருக்கும் எண்ணம் இருந்தால், தாராளமாகப் பெயர் கொடுக்கலாம். கிண்ணங்கள், காகிதப் பைகள், நோட்டுகள் எல்லாம் என் கராஜில் அடுக்கி வைத்திருக்கிறேன், அன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் பெயர் கொடுக்கவில்லை என்றால், சென்ற ஆண்டைப் போலவே அவை கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தொடர்வேன். ஆனால் மூடிய பாட்டிலும் தொடரும்.

பெயர் கொடுக்கிறவர்கள் விதிப்படி சந்தா பாக்கி இல்லாதவர்களாக இருக்க வேண்டும். பொருளாளர் கதவருகே ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், கார்டும் எடுத்துக்கொள்வார். பொங்கல் விருந்தன்று கிண்ணங்களைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் அவற்றையும் அவரிடமே கொடுத்துவிடலாம்.

செயலாளர்