பாலைப்பாணியின் பதம்: மச்சாளுக்கு ஒரு கடிதம்

அன்பின் மச்சாள்,

நேற்று இவர் மாங்குளத்தில் ஒரு வீட்டுக்குக் கதவுநிலை வைத்துவிட்டுத் திரும்பும்போது, ஏ9 வீதியோரத்தில் ஒரு பை பாலைப்பழம் வாங்கி வந்தார். அம்மா முற்றத்தில் காலை நீட்டி இருந்துகொண்டு முதல் பழத்தை வாயில் போட்டார். "முத்தையன்கட்டுப் பழம் மாதிரி இல்லை" என்றார். பிறகு பையில் பாதியை அவரே முடித்தார். சின்னவனுக்குப் பால் பிசினாகி உதடு ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்காமலே சிரித்தான். எனக்கு உடனே உங்களுடைய ஞாபகம்தான் வந்தது. நாங்கள் இருவரும் யார் அதிக நேரம் உதட்டைப் பிரிக்காமல் இருப்பது என்று போட்டி வைப்போமே, அது.

போன கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே விளக்கு வைக்கிற நேரம், அங்கே நீங்கள் வேலைக்கு ஓடுகிற நேரம். "நாவல் எந்தளவிலை நிக்குது? இடப்பெயர்வு வந்திட்டுதா?" என்று கேட்டீர்கள். இன்னும் வரவில்லை என்றேன். "அப்ப இவ்வளவு நாளும் என்னத்தையடி எழுதினனி?" என்றீர்கள். கோபத்தில் கேட்கவில்லை என்று தெரியும். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் வந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எப்படி எழுதுகிறேன் என்று சொல்கிறேன். காலை நாலு மணிக்கு எழும்புவேன். ஐந்தரை வரைக்கும் எனக்கு. அதற்குப் பிறகு வீடு விழித்துவிடும். சின்னவனுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, ஆகவே வீடு முழுக்க அவனுடைய மாதிரி வினாத்தாள்கள்தான். பழைய வீட்டு முதிரைக் கதவு ஒன்றை அறுத்து, இவர் எனக்கு ஒரு சின்ன மேசை செய்து தந்திருக்கிறார். கதவில் முன்பு தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. பேனையை அதில் குத்தி வைப்பேன். எழுதும்போது பக்கத்தில் ஒரு பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும். இருட்டில் ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு தேநீர், வெளியே முதல் சேவல். மச்சாள், அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே நான் இரவில் சந்தோசமாகப் படுக்கப் போகிறேன்.

எழுதத் தொடங்கியது 2017இல். அப்போது நாவல் என்றால் பெரிய விசயத்தில் தொடங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இரணைமடுவில் தொடங்கினேன். 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடித்த குளம், கனகராயன் ஆறு வந்து விழுகிற இடம், காடு வெட்டிக் கமம் செய்ய வந்த சனம், காலபோகம், சிறுபோகம் என்று முப்பது பக்கம் எழுதினேன். ஒரு பின்னேரம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் கேட்டது ஒன்றுதான்:

"எல்லாம் சரி பிள்ளை. உதுக்குள்ளை ஆர் இருக்கினம்?"

யாரும் இல்லை. அதுதான் உண்மை. தண்ணீர் இருந்தது, வரம்பு இருந்தது, ஆள் இல்லை.

அதற்குப் பிறகு மற்றத் தவறைச் செய்தேன். நேராகப் போரின் கடைசி மாதங்களுக்குப் போனேன். வண்டில், உழவு இயந்திரம், பங்கர், கடற்கரை. அதை எழுதிய நாள்களில் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று மகள் பிறகு சொன்னாள். ஒவ்வொரு முறையும் உங்கள் அம்மாவை, என் மாமியைக் கூட்டிக்கொண்டு அந்த மணலுக்குப் போய், அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன். அதற்குமேல் ஒரு வரியும் நகரவில்லை.

பிறகு 2018 மார்கழி வெள்ளம் வந்தது. இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறந்து, கண்டாவளைப் பக்கம் எங்கும் தண்ணீர். பிள்ளைகளையும் அம்மாவையும் கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். திரும்பி வந்தபோது நாவல் எழுதிய மூன்று சீ.ஆர். கொப்பிகளும் அரிசி மூட்டைக்குக் கீழே ஊறிக் கிடந்தன. உடுப்புக் கொடியில் விரித்துக் காய வைத்தேன். ஜெல் பேனையால் எழுதியதெல்லாம் நீல மேகமாய்க் கலைந்திருந்தது.

தைப்பொங்கல் முடிந்து, போனதை நினைவிலிருந்து திரும்ப எழுத உட்கார்ந்தேன். குளத்தைப் பற்றி எழுதிய முப்பது பக்கத்தில் ஒரு பந்திகூடத் திரும்பி வரவில்லை. வந்ததெல்லாம் வேறு. நான் எழுதியே இராதவை. பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் மாமி பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்தது. அந்த வாசத்துக்கு மாடு வந்து, கொடியில் காய்ந்த மாமாவின் சாரத்தைச் சப்பியது. மாமா தடி எடுத்துக்கொண்டு ஓட, மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து சிரித்தது. நீங்கள் அன்று பாவாடை சட்டையோடு வேலியில் ஏறி நின்றீர்கள். எனக்குப் பத்து வயது, உங்களுக்குப் பதின்மூன்று. 1993.

அந்த வருடத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், மச்சாள். அந்த ஒரே ஒரு வருடத்தை.

ஏன் என்று சொல்கிறேன். மாமியைப் பற்றி நாங்கள் பேசும்போதெல்லாம் எங்கே போய் நிற்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். 2009இல்தான். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருந்தது. திவசத்துக்கு இருந்தாலும் அதே பேச்சு, கலியாண வீட்டில் நாலு பேர் கூடினாலும் அதே பேச்சு. அம்பது வருடத்துக்கு மேல் இருந்த மனிசியின் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் நாங்கள் வைத்திருக்கிறோம். என் பிள்ளைகளுக்கு மாமியைத் தெரியாது. அவர்களுக்கு அவர் ஒரு திகதியும் மாலை போட்ட படமும்தான். அது எனக்குத் தாங்கவில்லை. சிரித்தால் நிலத்தில் இருந்து சிரிக்கிற மனிசி என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இடப்பெயர்வை நான் மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. அதை எழுதியவர்கள் இருக்கிறார்கள், இன்னும் எழுதுவார்கள், எழுதத்தான் வேண்டும். எனக்கு மாமியை உயிரோடு வைத்திருக்கிற பக்கங்கள் வேண்டும்.

மின்சாரம் இல்லாத அந்த இரவுகளைப் பற்றிய அத்தியாயம்தான் இதுவரை எழுதியதில் எனக்குப் பிடித்தது. அதற்கு மகள்தான் காரணம். என் கையெழுத்தைக் கணினியில் ஏற்றித் தருபவள் அவள். "ஜாம் போத்தல் விளக்கு எண்டால் என்னம்மா?" என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவளுக்கு விளங்கவில்லை. அன்றிரவு கரண்ட் போனது. அம்மா, "இரு, செய்து காட்டிறன்" என்று எழும்பினார். ஒரு ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்தார். அடியில் கொஞ்சம் பஞ்சு, அதன் மேல் நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். கம்பி ஒன்றை வளைத்து நூல்திரியைப் பிடிக்க வைத்து உள்ளே இறக்கினார். சுடர் போத்தலுக்குள்ளேயே சின்னதாக நின்றது, காற்று அடித்தும் அணையவில்லை. "தடைக்காலத்திலை மண்ணெண்ணெய் என்ன விலை தெரியுமே? உந்த வெளிச்சத்திலைதான் உன்ரை அம்மா படிச்சவள்" என்றார். பிள்ளைகள் இருவரும் குப்புறப் படுத்து அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவன் அதில் ஒரு வினாத்தாள் செய்து பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான். இவர் வந்து பக்கத்தில் இருந்தார். வறுத்த கச்சான் இருந்தது. உடைத்து உடைத்து எல்லோர் கையிலும் வைத்தார். கரண்ட் வந்தபோது மகள் எழும்பிப் போய் லைற்றை அணைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் நாலு மணிக்கு ஒரே மூச்சில் ஒன்பது பக்கம் எழுதினேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வானொலி கேட்ட கதையும் அதில் வந்துவிட்டது. மாமா வாசலில் குந்தியிருக்க, நீங்களும் நானும் மாறிமாறிப் பெடலைச் சுற்றுவோம். கை சோர்ந்தால் வாசிக்கிறவரின் குரல் அடங்கிப் போகும். செய்திக்கு மட்டும் என்று மாமா சொல்லியிருந்தார். ஆனால் செய்தி முடிந்ததும் மாமி அடுப்படியிலிருந்து, "பிள்ளையள், இன்னும் கொஞ்சம் சுத்துங்கோ, பாட்டு வரும்" என்பார். அந்தப் பாட்டு முடியும்வரை அகப்பை சட்டியில் படுகிற சத்தமே கேட்காது. நின்று கேட்டிருக்கிறார் என்று இப்போதுதான் விளங்குகிறது. அப்போது எனக்குக் கைநோவு மட்டும்தான் தெரிந்தது.

இப்படித்தான் நடக்கிறது, மச்சாள். வீட்டு வேலை எழுத்தைக் கெடுக்கிறது என்று நானும் முன்பு நினைத்திருந்தேன். இப்போது கீரை ஆயும்போதுதான் அடுத்த காட்சி வருகிறது. இவர் விரால்மீன் கொண்டுவந்து சாம்பல் பூசி உரசும்போது, நாவலில் வரும் கணவனின் கை எப்படி இருக்கும் என்று தெரிகிறது. இவரும் நானும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் தேநீரை ஆற்றி முதலில் என் பக்கம் தள்ளி வைப்பார். அதை அப்படியே எடுத்து நாவலில் வைத்திருக்கிறேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கும் போய் வந்தோம். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளையில் அந்த உப்புநீரில் விளக்கு எரிப்பார்கள் என்று நான் சொல்ல, சின்னவன் தன் ஆச்சியின் ஜாம் போத்தலைக் கொண்டுவந்து கடல்தண்ணீர் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். அம்மா சிரிக்கவில்லை. "அதுக்கு அம்மாள் நினைக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். கூட்டத்தில் நிற்கும்போது மாமி எனக்கு வளையல் வாங்கித் தந்த கடை எந்தப் பக்கம் இருந்தது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் மகளுக்கு வளையல் வாங்கினோம். பச்சையும் சிவப்பும்.

சரி, இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஏழாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். அது முழுக்கப் பாலைப்பழக் காலம். சனங்கள் காட்டுக்குப் போவதை எழுதியாகிவிட்டது. கரடிக்கும் அந்தப் பழத்தில் ஆசை என்பதால் மாமா முன்னால் சத்தம் போட்டுக்கொண்டு நடந்தது, கடகங்கள், சோளகக் காற்று, மரத்தின் கீழே நீங்கள் விரித்த படங்கு, எல்லாம் எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்து, மாமி பழத்தைப் பிசைந்து வடித்துப் பெரிய சட்டியில் பாணி காய்ச்சுகிற இடத்தில் கை நிற்கிறது. நெருப்பு நினைவிருக்கிறது. வாசம் நினைவிருக்கிறது. சட்டியை வழிக்க நாங்கள் இருவரும் காத்து நின்றது நினைவிருக்கிறது. பதம் வந்துவிட்டதா என்று மாமி எப்படிப் பார்த்தார் என்பது மட்டும் வரவில்லை. அகப்பையால் எடுத்து எதிலோ ஒரு சொட்டு விடுவார். தண்ணீர்க் கிண்ணத்திலா, பாலை இலையிலா, தன் நகத்திலா? விட்டுவிட்டு ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் நாங்கள் சட்டிக்கு ஓடுவோம். அந்தச் சொல்லும் வரவில்லை.

அம்மாவைக் கேட்டேன். அவர் எங்கள் வீட்டில் பாணி வைத்ததில்லை, தெரியாது என்கிறார். நானே ஒரு விடையை உண்டாக்கி எழுதலாம்தான், நாவல்தானே. ஆனால் மாமியின் கையில் நான் ஒரு பொய்யை வைக்க மாட்டேன்.

நீங்கள் பக்கத்தில் நின்றவர். உங்களுக்கும் வராவிட்டால், மாமாவிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள். மாமி பேச்சை எடுத்தாலே எழும்பி அறைக்குள் போய்விடுகிறார் என்று சொன்னீர்கள். அந்த நாள்களைப் பற்றிக் கேட்டால் யார்தான் இருப்பார்கள்? நீங்கள் சாரம் சப்பிய மாட்டில் தொடங்குங்கள். அதற்கு எழும்பிப் போகமாட்டார் என்று நினைக்கிறேன். அப்புறம் பாணிச் சட்டிக்கு வாருங்கள்.

எல்லோருக்கும் தெரிய எழுதியதன் காரணமும் இதுதான். முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தில் தாய்மார் பாணி காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். மாமியின் சொல் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் தங்கள் தாயின் சொல் தெரிந்திருக்கும். யாராவது ஒருவர் அதைச் சொல்லும்போது எனக்கு மாமியுடையது ஞாபகம் வந்துவிடலாம்.

பையில் மிச்சமிருக்கிற பழத்தை அம்மா ஒளித்து வைத்திருக்கிறார். நாளைக் காலையில் அதைப் பிசைந்து, சின்னச் சட்டியில் காய்ச்சிப் பார்க்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுங்கள், நீங்களும் மாமாவும் சேர்ந்து. வீடியோவில் எடுங்கள். சட்டியைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மச்சாள்